ஒன்பதாம் நம்பர் கம்பி

"பொருந்துமா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் நுழைகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்குப் பொருந்த வேண்டும், என்ன கிட்டார், எந்த வருஷத்துச் சரக்கு, ஒன்றும் சொல்ல மாட்டான். கையில் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நெளிவான். கல்யாணத்தில் பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எப்படியோ குடும்பம் ஓடிவிடும். கிட்டாரில் ஓடாது. மயிரிழை தள்ளியிருந்தால்கூட ராத்திரி முழுக்க அபஸ்வரமாய்க் கத்தும்.

நாக்வோன் வாத்தியக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் என் கடை. நாக்வோன் என்றால் சொர்க்கம். சொர்க்கத்தில் கடை போட்டிருக்கிறேன் என்று சொன்னபோது என் அம்மா, "அதுக்குள்ள போய்ச் சேந்துட்டியா" என்றாள். கம்பி, ஸ்பிரிங், டியூனிங் கீ, பிரிட்ஜ் என்று கிட்டாரில் மரத்தைத் தவிர எல்லாம் விற்பேன், மாட்டியும் கொடுப்பேன். வாய் கொஞ்சம் நீளம். க்வாக் அக்கா வாயில் விழுந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று எதிர்க்கடை டிரம்காரர் சொல்லுவார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தாக் மான்சிக்கை எனக்கு எங்கள் ஊரில் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷத்திலிருந்து தெரியும். பக்கத்துக் கடையில் ஒரு கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி, அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என்னிடம் கம்பி கேட்க வந்தான். ஒன்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏறக் கம்பி தடிக்கும், ஒன்பது மெலிசு. விரலுக்கு நோகாது. அன்றையிலிருந்து அவன் வேறு நம்பர் கேட்டதே இல்லை. தூரத்தில் அவன் தலை தெரிந்ததும் நான் ஒன்பதை எடுத்துக் கல்லாவில் வைத்துவிடுவேன்.

குன்சான் துறைமுகத்துப் பையன் அவன். இசைக்குறிப்பு ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. காபரே மேடைகளுக்குப் பின்னால் மேசை துடைத்துக்கொண்டு, வாசிக்கிறவர்களின் இடது கையைப் பார்த்தே கற்றுக்கொண்டவன். கிட்டாரின் கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் பதித்திருப்பார்கள் அல்லவா, இந்தப் புள்ளியில் கை ஆரம்பித்தால் இந்தப் பாட்டு, அந்தப் புள்ளியில் ஆரம்பித்தால் அந்தப் பாட்டு. அவன் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அதே காபரேயில் பாடியவள் பான் யோன்சுன். அவளுக்கும் குறிப்பு தெரியாது. அவள் அவனுக்கு இடப்பக்கம் நின்று அவன் கையையே பார்ப்பாள். கை புள்ளியில் வந்து உட்கார்ந்ததும் மூச்சை இழுத்துப் பாட ஆரம்பிப்பாள். அவள் வீட்டில் ஜாதகம் பார்த்துவிட்டு, நெருப்பும் தண்ணீரும் சேராது என்று ஜோசியன் கையை விரித்தான். இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். குழந்தை குட்டி இல்லை. காபரேக்கள் மூடிய பிறகு அவன் மினிபஸ் ஓட்டினான், அவள் சந்தையில் கிம்ச்சியும் பொரியலும் விற்றாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மிசாரி ஆற்றங்கரையில் ஒரு லைவ் கஃபேயில் இரண்டு பேரும் மேடை ஏறுவார்கள். கூட ஒரு தாளப்பெட்டி. அதற்குச் சுருதி கிடையாது, டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

யோன்சுனுக்கு என்னைவிட நீளமான வாய். ஒரு வருஷக் கடைசியில் கட்டடத்துக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு நோரேபாங் போனோம். பாட்டு மெஷின் வைத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆளாளுக்குக் கத்துவோமே, அதுதான். அங்கே ரிமோட்டில் ஒரு கீழ் அம்பு இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் பாட்டின் சுருதி அரைக்கட்டை இறங்கும். அக்கார்டியன் கடைக்காரர் பெண்டாட்டி அதை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, யோன்சுன் வழக்கமாய்ப் பாடுகிற பாட்டையே எடுத்தாள்.

"ஏன் தங்கச்சி," என்றாள் யோன்சுன், "பாட்டுகிட்ட நீ ஏறிப் போகணுமா, உன்கிட்ட பாட்டு எறங்கி வரணுமா?"

"எல்லாருக்கும் உன் தொண்டையா இருக்கு?"

"இல்லேன்னா கை தட்டிட்டு உக்காந்திரு. நான் என்னிக்கு அந்தக் கீழ் அம்பை அமுக்குறேனோ அன்னிக்கே மைக்கைக் கீழ வெச்சிருவேன். எறங்க ஆரம்பிச்சா அப்புறம் எங்க போய் நிக்கிறது, சுரங்க ரயில்லயா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மான்சிக்தான் ரொம்பச் சிரித்தான். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று எந்தக் கோபத்திலோ சொன்னவள், அண்ணன் செத்த அன்றைக்கும் தெருவிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அப்புறம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தார்கள். சந்தைக் கடை போய்விட்டது, உடம்பு பாதியாகிவிட்டது. குரல் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மான்சிக் வந்தான். பஸ் யூனிஃபார்மோடு, முதுகில் கிட்டாரோடு. நான் வழக்கம்போல ஒன்பதை எடுத்து வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"பத்தாம் நம்பர் குடுங்க அக்கா."

"ஏன்டா, இத்தனை வருஷம் ஒன்பது போட்டவனுக்கு இப்ப என்ன திடீர்னு பத்து? வயசானா மூக்குக் கண்ணாடி நம்பர்தான் ஏறும்னு நெனச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. "அரைக்கட்டை எறக்கணும். ஒன்பதைத் தளத்துனா தொளதொளன்னு ஆடுது. பிரிட்ஜும் உள்ளே சாயுது."

சாயத்தான் செய்யும். அவன் கிட்டாரில் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் மரத்தோடு ஒட்டி இருக்காது. இரண்டு சின்னத் தூண்களில் முனையை வைத்துக்கொண்டு மிதக்கும். முன்னாலிருந்து கம்பி இழுக்கும், பின்னாலிருந்து ஸ்பிரிங் இழுக்கும், இரண்டும் சரிசமமாய் இழுத்தால்தான் நேராய் நிற்கும். மாமியாருக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய ஆம்பிளை மாதிரி. ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் கவிழ்ந்துவிடும். கம்பியைத் தளர்த்தி வாசிக்க வேண்டுமென்றால் தடிமனாய்ப் போட்டு அந்த இழுப்பை ஈடுகட்ட வேண்டும்.

"எறக்கணும்னா கையை ரெண்டு விரல்கடை தள்ளி வெச்சு வாசியேன்டா. இதுக்குப் போய் கிட்டாரையே மாத்துவாங்களா?"

"கையைத் தள்ளி வெச்சா அவ பாத்துருவா."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். போன சனிக்கிழமை பாட்டின் உச்சியில் அவள் குரல் பிசிறிவிட்டது. சளி என்று சொல்லிச் சமாளித்தாளாம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் புதன்கிழமை வரைக்கும் திரும்பவில்லையாம்.

"வாரம் பூரா படுத்தே கெடக்குறா அக்கா. சனிக்கிழமை மட்டும்தான் எந்திரிச்சுத் தலை வாருறா, லிப்ஸ்டிக் போடுறா, என்னைத் திட்டுறா. சுருதி எறக்கியாச்சுன்னு தெரிஞ்சா மைக்கை வெச்சிருவா. மைக்கை வெச்சுட்டா அப்புறம் எதுக்கு எந்திரிப்பா?"

"பொய்யை வெச்சு எத்தனை நாள் ஓட்டுவே?"

"ஓடுற வரைக்கும்."

பத்தாம் நம்பரை மாட்டி, பின்பக்க ஸ்பிரிங்கைக் கால் திருகு தளர்த்தி, அரைக்கட்டை கீழே சுருதி சேர்த்துக் கொடுத்தேன். கை அதே புள்ளியில் இருக்கும், ஒலி மட்டும் ஒரு படி கீழே வரும். சனிக்கிழமை பாடி முடித்ததும் போன் பண்ணினான். "'இன்னிக்குத் தொண்டை நல்லா இருக்கு'ன்னு சொன்னா அக்கா! ரெண்டு கிண்ணம் சூப்பு குடிச்சா!" என்று கத்தினான். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கத்த மாட்டான். எனக்கும் ஒரு அல்ப சந்தோஷம்.

அத்தோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். வசந்தம் முடிவதற்குள் மறுபடியும் வந்தான். இன்னொரு அரைக்கட்டை. பதினொன்றாம் நம்பர்.

இப்போது கம்பி தடித்துப்போய், கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கிற பூட்டுக்குள் அடங்கவில்லை. பள்ளம் அகலமான பூட்டு போட வேண்டும். நான் அளவு எடுக்க ஆரம்பித்ததும் அவன் கண்டிஷன் போட ஆரம்பித்தான்.

"புது ஓட்டை போடக் கூடாது அக்கா."

"சரி."

"பழைய ஓட்டையும் வெளிய தெரியக் கூடாது."

"சரிடா."

"கறுப்புதான் வேணும். ஆனா பளபளன்னு இருக்கக் கூடாது. அவ இந்தக் கிட்டாரை என்னைவிட அதிகமாப் பாத்தவ."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன்கூட இத்தனை கண்டிஷன் போட மாட்டான். அந்தாண்ட போ, வெளிச்சத்தை மறைக்காதே."

அந்தக் காலத்துக் கிட்டார்த் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். வெளிநாட்டுக்குப் போன சரக்குக்கு அங்குலக் கணக்கு, உள்ளூர்ச் சரக்குக்கு மில்லிமீட்டர் கணக்கு. ஒரே கூரை, ஒரே மாதம், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இதன் ஸ்க்ரூ அதில் இரண்டு சுற்றுக்கு மேல் போகாது. முரட்டுத்தனமாய்த் திருகினால் மரை போய்விடும். எங்கள் கட்டடத்தில் இருந்த பூட்டுகளை எல்லாம் அலசி, அகலமும் ஸ்க்ரூ இடமும் ஒத்துப்போகிற ஒன்றைப் பிடித்தேன். பழைய பூட்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மூன்றாவது தடவை, பன்னிரண்டாம் நம்பரின் அடிக்கம்பி டியூனிங் கீயின் துளைக்குள் நுழையவில்லை. துளை பெரிதான கீ கிடைத்தது. ஆனால் அதன் பின்பக்க ஸ்க்ரூ நேராய் உட்காரும், அவனுடையது சாய்வாய் உட்காரும். மாட்டினால் ஆறு பழைய ஓட்டையும் ஊரைப் பார்த்துப் பல்லைக் காட்டும். சாய்வு ஸ்க்ரூவும் பெரிய துளையும் சேர்ந்த கீயைத் தேடி நான் செய்த போன்களுக்குக் கணக்கில்லை. அவன் தினமும் மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, "கெடச்சுதா?" என்று நிற்பான்.

"கெடச்சா நானே கூப்பிட மாட்டேனா? பஸ்ல இருக்குற ஜனமெல்லாம் உன்னையும் என்னையும் சேத்து சபிக்குது, போ!"

"இந்தச் சனிக்கிழமை பிசிறுனா அவ்வளவுதான் அக்கா."

வெள்ளிக்கிழமை தேகுவிலிருந்து பார்சல் வந்தது. சனிக்கிழமை அவள் பிசிறாமல் பாடினாள்.

நான்காவது அரைக்கட்டைக்குப் பிரிட்ஜே கையை விரித்துவிட்டது. தூணில் உட்காருகிற அதன் கத்திமுனை தேய்ந்து மழுங்கியிருந்தது. தடிக்கம்பியின் நீளத்தைச் சரிபண்ண உள்ளே இடமும் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"சுன்ஜோங் கெடைக்குமா அக்கா?"

எங்கள் தொழிலில் கம்பெனியிலேயே மாட்டி வந்த அசல் பாகத்தைச் சுன்ஜோங் என்போம். கலப்பில்லாத முதல் காதலுக்கும் அதே சொல்தான்.

"இந்த வயசுல உனக்குச் சுன்ஜோங் வேணுமாடா? அதெல்லாம் இப்ப எந்தக் கடையிலடா விக்குது?"

அவன் கன்னம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டான். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

தேடினேன். இஞ்சோனில் ஒரு தேவாலயத்து ஸ்டோர் ரூமில் அதே தொழிற்சாலை, அதே வருஷத்துக் கிட்டார் ஒன்று கழுத்து முறிந்து கிடப்பதாய்க் கேள்விப்பட்டு, பஸ் ஓட்டாத நாளில் இரண்டு பேரும் போய் வாங்கி வந்தோம். ரயிலில் மடியில் அதை வைத்துக்கொண்டு அவன் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். கடைக்கு வந்து பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தால் அதன் கத்திமுனையும் மழுங்கிக் கிடந்தது. அதே பிறப்பு, அதே வயசு, அதே தேய்மானம். இதில் எங்கிருந்து புதுசு வரும்?

கடைசியில் ஜப்பான்காரன் செய்த ஒரு பிரிட்ஜ் ஒத்துப்போயிற்று. இரண்டு தூணுக்கும் நடுவே இடைவெளி சரி, உள்ளே இடமும் சரி. ஒரே ஒரு குறை, பாவி, புது மணப்பெண் மாதிரி மின்னியது. ஒரு சாயங்காலம் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். உள்ளங்கை படுகிற இடம், தூசி சேருகிற மூலை, எல்லாவற்றையும் பழையதைப் பார்த்துப் பார்த்து. மிக்ஸ் காப்பியைக் கெட்டியாய்க் கரைத்துத் துணியால் பூசித் துடைத்தேன். ஜனங்கள் பழையதைப் புதுசு என்று சொல்லி ஏமாற்றுவார்கள். நான் புதுசை அழுக்காக்கி உட்கார்ந்திருந்தேன். டிரம்காரர் எட்டிப் பார்த்து, "பைத்தியமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் மிசாரிக்குப் போனேன். அவள் மெலிந்து, நெக்லஸ் போட்டு அறுவைத் தழும்பை மறைத்திருந்தாள். பாடினாள். குரல் கனத்து, அடியில் மணல் அரைபட்டது. பழைய பாட்டு இரண்டு கட்டை கீழே, தரையோடு நகர்ந்தது. ஜனங்களுக்கு என்ன தெரியும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் அவள் மைக்கில் சொன்னாள்:

"எம் புருஷன் கையைப் பாத்தீங்களா? முப்பது வருஷமா அதே புள்ளியிலதான் நிக்குது. ஆளுதான் வழுக்கை, கை வழுக்கலே."

கூட்டம் சிரித்தது. மான்சிக்கும் சிரித்தான். நான் கிளாஸை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

யோன்சுன் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கிளாஸையே எடுத்து ஒரு வாய் குடித்தாள். "எப்பிடி அக்கா, எறங்கலே இல்லே?"

"எறங்கவா? நீயா? உன் தொண்டையை அறுத்த டாக்டருக்கே இப்பிடிப் பாட வராது."

"அப்போ சரி," என்றாள். அப்புறம் மான்சிக் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் மேடையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றும்போது இடது கை விரல்களை மடக்காமல், உள்ளங்கையால் சுற்றினான். "இந்த மனுஷன் விரலுக்கு என்னமோ ஆயிருச்சு அக்கா. ராத்திரி களிம்பு தடவுறேன், காலையில மறுபடி வீங்கிருது. பஸ் ஸ்டியரிங்குன்னு சொல்றான்."

"ஸ்டியரிங்காத்தான் இருக்கும்," என்றேன்.

ஐந்தாவது தடவை வந்தபோது அவன் விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தத் தடிக்கம்பிகளை அழுத்தி வாசிக்க அறுபதை நெருங்குகிற கையில் எங்கே பலம்? கட்டி மறுபடி வந்திருக்கிறது என்றான். பெரிய ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். அதற்கு முன்னால் இன்னும் சில சனிக்கிழமைகள் மிச்சம் இருந்தன.

"இன்னும் அரைக்கட்டை அக்கா."

பதின்மூன்றாம் நம்பரை எடுத்தேன். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "பாரு தம்பி, இதுதான் கடைசி. இதுக்குக் கீழே போனா அது கிட்டாரே இல்லே. பேஸ் கிட்டார் கம்பிதான் மாட்டணும். பூட்டு தாங்காது, கழுத்து தாங்காது. உன் விரலும் தாங்காது."

"விரலை விடுங்க. வேற பிரிட்ஜ் ஏதாவது…"

"இல்லேடா."

"வேற ஸ்பிரிங்…"

"இல்லேங்கிறேன்ல!"

பக்கத்துக் கடையில் கிட்டார் பழகிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மான்சிக் கல்லாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "எல்லாத்துக்கும் ஒரு பாகம் எடுத்துக் குடுப்பீங்களே அக்கா," என்றான். அவ்வளவுதான். நான் குனிந்து கம்பியை மாட்ட ஆரம்பித்தேன். இரண்டு பேரும் அழுதோம். அவன் வெளிப்படையாய் அழுதான், நான் ஸ்பிரிங்கைப் பார்க்கிற மாதிரி அழுதேன்.

அப்புறம் அவன் வரவில்லை. நான் போன் பண்ணினால், "ஆபரேஷன் முடிஞ்சுது, உசுருக்கு ஒண்ணுமில்லே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். லைவ் கஃபேயில் வேறு யாரோ பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இலை உதிர்ந்து, பனி கொட்டி, சந்திரப் புத்தாண்டும் வந்து போயிற்று. பிஸ்கட் டப்பாவில் அவன் பழைய பூட்டு கிடந்தது. ஒவ்வொரு தடவை டப்பாவைத் திறக்கும்போதும் அதை ஓரமாய் ஒதுக்கிவிட்டு வேறு எதையோ தேடுவேன்.

குளிர் கொஞ்சம் விட்ட ஒரு காலையில் படியில் மெதுவாய் யாரோ ஏறி வருகிற சத்தம். தலை தெரிவதற்கு முன்னால் கிட்டார் பையின் நுனி தெரிந்தது. என் கை தன்னால் ஒன்பதாம் நம்பரை எடுக்கப் போய், நடுவில் நின்றது. மான்சிக் இல்லை. யோன்சுன். தனியாய் வந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிப் பூப்போட்ட ஸ்கார்ஃப், உதட்டில் லிப்ஸ்டிக். இரண்டு மாடி ஏறியதில் ஸ்கார்ஃபுக்குள்ளிருந்து உஸ் உஸ் என்று மூச்சு வந்தது.

"அடிப் பாவி, இந்த மூட்டையைத் தூக்கிட்டு நீ ஏன்டி வந்தே? அந்தத் தடியன் எங்கே?"

அவள் கைகளை முன்னால் நீட்டி ஸ்டியரிங் சுற்றிக் காட்டினாள். பஸ்ஸுக்குப் போயிருக்கிறான். பையைத் திறந்து கிட்டாரைக் கல்லாவின் மேல் படுக்க வைத்தாள். கம்பிகளில் தூசி. அவள் அந்தப் பதின்மூன்றாம் நம்பர் கம்பிகளை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் தன் இடது கை விரல் நுனிகளை ஒவ்வொன்றாய்த் தேய்த்து, முகத்தைச் சுளித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். ஸ்கார்ஃபைத் தொட்டுக் கையை விரித்தாள். இனிமேல் எதற்கு இது என்கிற மாதிரி.

"என்ன வேணும் உனக்கு?"

அவள் ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் நாலு விரல் நீட்டினாள்.

ஊரையே வாயால் அடிக்கிற க்வாக் அக்கா, பேச்சற்ற ஒருத்தியின் முன்னால் ஊமையாய் நின்றேன். அவள் நாலு விரலை ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள், புரியவில்லையா என்று.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து பழைய பூட்டை எடுத்தேன். தடிக்கம்பிகளை வெட்டி எறிந்தேன். பூட்டை அதன் பழைய இடத்தில் வைத்தால் பொருந்தி உட்கார்ந்தது. ஒன்பதை மாட்டி, ஸ்பிரிங்கைச் சரி பண்ணினேன். எல்லாமே நேரம் பிடித்தது. அவள் அவசரப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவன் கையைப் பார்க்கிற மாதிரி.

சுருதி சேர்க்கும்போது, இத்தனை நாள் பழக்கம், எங்கே விட்டேனோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டரைக் கட்டை கீழே. கம்பியைத் தட்டினேன்.

அவள் தலையாட்டினாள். வலது கையில் ரிமோட்டைப் பிடித்திருப்பது போல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கி, மேலே என்று கண்ணால் காட்டினாள்.

அரைக்கட்டை ஏற்றினேன். மறுபடி அமுக்கினாள். ஏற்றினேன். அமுக்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு கீயைத் திருப்பினேன். நாலாவது. ஐந்தாவது. கட்டைவிரல் நின்றது. கம்பியைத் தட்டினேன். அவர்களுடைய பழைய சுருதி. அவள் போதும் என்று கையைக் கீழே வைத்தாள்.

மிசாரியில் என் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, "எறங்கலே இல்லே?" என்று கேட்டாளே, அப்போதும் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். முதல் அரைக்கட்டையிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஐந்து தடவை கீழே இறங்கி வந்து, மைக்கை வைக்காமல் பாடியிருக்கிறாள், அவனுக்காக. நான் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது, காப்பி பூசியது எல்லாம் யாருக்காக என்று நினைத்தேன்.

கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக் கொடுத்தேன். அவள் முதுகில் மாட்டிக்கொண்டு, என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கிளம்பினாள். படி வரைக்கும் கூடவே போனேன்.

"ஏய் யோன்சுன், சாயங்காலம் அவன் வந்து, இதெல்லாம் என்னன்னு கேட்டா என்னடி சொல்லுவே?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாய்க் கீழே இறங்கினாள்.